மலையகத்தில் வீடு வாங்குமுன்: சுவரும் கூரையும் காட்டும் அறிகுறிகள்

என் தங்கை கொட்டகலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியது ஒரு பெப்ரவரி மாதத்தில். வெயில் காய்ந்தது, சுவர்களில் புதுப் பெயின்ட் மின்னியது, பின்பக்கத்து மலைச்சரிவு தேயிலைப் பச்சையோடு படம் போலத் தெரிந்தது. ஜூன் மாதம் மழை பிடித்தது. பின்னறைச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் ஊறிப்போயின. நான் இருபத்திரண்டு வருடம் கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வையாளராக இருந்தவன். அந்தப் பெப்ரவரியில் கொழும்பில் ஒரு வேலை முடியும் தறுவாயில் இருந்ததால் வந்து பார்க்கவில்லை. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது. அதன் பிறகு உறவில் யார் வீடு பார்க்கப் போனாலும் கூடப் போகிறேன். அப்படிப் போய்க் கற்றதைத்தான் அறிகுறி அறிகுறியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் வந்து போனதை வீட்டைப் பரிசோதித்ததாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். அவருடைய வேலை, கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பது. சுவருக்குள் ஊறும் தண்ணீரைத் தேடுவது அவர் பொறுப்பல்ல. அதற்கு நீங்களே ஒரு சிவில் பொறியியலாளரையோ அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கூலி கொடுத்து அழைத்துப்போக வேண்டும். அவரும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் சொல்வார். இன்னொருவருடைய வீட்டில் சுவரை உடைக்கவோ டைல்ஸைப் பெயர்க்கவோ அவரால் முடியாது. ஆகவே "வீடு நல்லதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எது இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது, எது நின்றுபோன பழைய குறை, எதை இன்று பார்க்க முடியவில்லை என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிலைப் படங்களோடு எழுத்தில் வாங்குங்கள்.

போகும் காலமும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் எல்லாப் பக்கமும் கொட்டும். ஹட்டன் வீட்டைப் பெப்ரவரியிலும் பண்டாரவளை வீட்டை ஓகஸ்டிலும் பார்த்து முடிவெடுப்பது, பசியில்லாத நேரத்தில் சோற்றுப் பானையை அளப்பது போல. ஒரு தடவையாவது மழையில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் மழைக்கு மறுநாள் காலையில் போங்கள். பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். விற்பவர் சொல்ல மறந்ததை அவர்கள் சொல்வார்கள்.

கையில் ஒரு டோர்ச், ஒரு பென்சில், அடிமட்டம், அளவு நாடா, சிறுவர் விளையாடும் ஒரு போளை, கொஞ்சம் பிளாஸ்டிக் தாள், ஒட்டும் நாடா. இவ்வளவு போதும்.

கதவு நிலையில் இடிக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் வெடிப்பு ஓடுகிறது

ஒரே ஒரு கதவு, அதுவும் மழைக்காலத்தில் மட்டும் இடிக்கிறது, சுற்றிச் சுவரில் வெடிப்பு எதுவும் இல்லை என்றால் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. வெயில் காலத்தில் சீவிவிட்டால் சரியாகும். அதற்காக வீட்டை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

கதவு நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து பாருங்கள். மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்கு ஓர் அளவு, அதற்கு எதிராக இன்னோர் அளவு. இரண்டும் சமமாக இல்லையென்றால் நிலையே கோணியிருக்கிறது. தொடக்கத்திலேயே கோணலாக வைத்திருக்கவும் கூடும். ஆனால் இரண்டு மூன்று நிலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது.

இனி வெடிப்பு. சிலந்தி வலை போலப் பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழைக் கோடுகள், சீமெந்து காயும்போது சுருங்கியதால் வந்தவை. அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக, கல் வரிசையைப் படிப்படியாகத் தொடர்ந்து போகும் வெடிப்புத்தான் கவனிக்க வேண்டியது. வெளியே போய் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் அது சுவரை ஊடுருவியிருக்கிறது. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வெடிப்பின் உள்ளே பாருங்கள். உள்ளே பழைய பெயின்ட், தூசி, சிலந்திக் கூடு இருந்தால் அது பழையது. உடைந்த ஓரம் பளிச்சென்று புது நிறத்தில் இருந்தால் அண்மையில் திறந்தது. மேலே அகன்று கீழே குறுகினால், பெரும்பாலும் வீட்டின் ஒரு முனை இறங்கியிருக்கிறது.

நிற்கிறதா, நகர்கிறதா என்று அறிய, வெடிப்பின் இரு புறமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இடைவெளியை அளந்து, திகதியோடு சுவரிலேயே சிறிதாக எழுதிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது மறுபடி அளக்கலாம். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்யுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் மறுக்கமாட்டார். வெடிப்பு ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், அளந்துகொண்டிருப்பதை விட்டுப் பொறியியலாளரை அழையுங்கள்.

நம் பக்கத்தில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான். சமதரை கிடைக்காததால் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் நிரப்பித் தளம் எடுக்கிறார்கள். வீட்டின் பின்பாதி அசையாத வெட்டு மண்ணிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கிறது. நிரப்பிய மண் வருடக்கணக்கில் அமுங்கும், மழையில் இன்னும் அமுங்கும். அத்திவாரம் பழைய மண் வரைக்கும் இறங்கியிருக்காவிட்டால், வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டில் வீடு பிளக்கும். வெளியே பக்கவாட்டில் நின்று பழைய சரிவு எப்படி ஓடியிருக்கும் என்று கண்ணால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பிறகு உள்ளே வந்து போளையைத் தரையில் வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் அது முன்பக்கமே உருண்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பல வருடம் ஆகி, அமுங்கி நின்றுபோன வீடென்றால் வெடிப்பைத் தைத்துப் பூசலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். இன்னும் இறங்குகிறதென்றால் அத்திவாரத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டிவரும். அந்தச் செலவு சில நேரம் வீட்டு விலையில் பாதியைத் தின்றுவிடும்.

வெடிப்பு வீட்டோடு நிற்கவில்லை, முற்றத்திலும் ஓடுகிறது

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே வேறு பேச்சுக்கே இடமில்லை. முற்றத்து மண்ணில் பிளவு, அதே கோட்டில் தண்ணீர் வடியும் கான் உடைந்திருக்கிறது, பாதை தாழ்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டுச் சுவரிலும் வெடிப்பு, மேலே மரங்களும் கம்பங்களும் சாய்ந்திருக்கின்றன, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று வருகிறது, வந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்றுவிட்டது அல்லது கலங்கி வருகிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் நகர்வது மலை. எந்த மேசன் பாஸாலும் அதைத் தைக்க முடியாது. முற்பணம் கொடுக்காமல் திரும்புங்கள். கொடுத்திருந்தாலும் அந்தக் காசைவிட உயிர் பெரிது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் செய்ததை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்கள் வைத்திருக்கிறது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை உட்படப் பல மாவட்டங்களில் சரிவு நிலத்தில் கட்டுவதற்கு அதன் அறிக்கை கேட்கப்படுகிறது. வாங்கப்போகும் வீட்டுக்கு அந்த அறிக்கை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் முழுவதையும் படியுங்கள். பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் கொடுப்பார்கள். "இத்தனை அடிக்கு மேல் வெட்டக்கூடாது, இன்ன இடத்தில் கான் அமைக்க வேண்டும்" என்று எழுதியிருக்கும். அந்தக் கான் உண்மையில் இருக்கிறதா என்று காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அறிக்கை இல்லாத பழைய வீடென்றால் அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காத்திருக்க வேண்டிவரும், காத்திருங்கள்.

சுவரில் ஈரம், கறுப்புப் பூஞ்சை, உரியும் பெயின்ட்

மலைநாட்டில் ஈரம் இல்லாத வீடு குறைவு. எந்த ஈரம் என்று கண்டுபிடிப்பதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும். மூன்று வகை உண்டு: அறையின் காற்றிலிருந்து குளிர்ந்த சுவரில் படிவது, வெளியிலிருந்து ஊடுருவுவது, தரையிலிருந்து ஏறுவது.

ஓர் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் நாடாவால் இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறைப் பக்கத்து முகத்தில் நீர்த்துளி என்றால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்குப் பின்னால், சுவரைத் தொட்ட முகத்தில் துளி என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஆள் குடியிருக்கும் வீட்டில் இதைச் செய்ய அனுமதி கேட்பது சங்கடந்தான்; ஆனாலும் கேளுங்கள்.

நுவரெலியாவில் என் பெரியம்மாவின் வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுத்திருந்தது. மகன்மார் கூரை ஒழுகுகிறது என்று தகரத்தை மாற்றுவதற்கே தயாராகிவிட்டார்கள். தாளை ஒட்டிப் பார்த்தோம். துளி அறைப் பக்கத்தில். குளிருக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தோம், துணியை விறாந்தைக்கு மாற்றினோம், பகலில் இரண்டு மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தோம். பூஞ்சையைத் துடைத்த பிறகு அது திரும்பி வரவில்லை. செலவு ஒன்றுமில்லை.

தங்கை வீட்டுக் கதை வேறு. அங்கே பின்சுவரில் இரண்டடி உயரம் வரை பெயின்ட் கொப்பளித்து, விரலால் தேய்த்தால் வெள்ளை உப்பு மாவாக உதிர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் நீர்த்தடுப்புப் பெயின்டை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு பூசியிருந்தார்கள். பாஸ் உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தபோது மூன்று நிறமும் கேக் வெட்டியது போல அடுக்கடுக்காகத் தெரிந்தன. அதற்குப் பின்னால் செங்கல் குளிர்ந்து, அழுத்தினால் ஈரம் விரலில் ஒட்டியது. வெளியே போய் மண்வெட்டியை வைத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சரிவிலிருந்து வருடா வருடம் இறங்கிய மண், வீட்டின் உள்தரையைவிட ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவரோடு ஒட்டி ஏறியிருந்தது. மலை முழுவதும் குடித்த மழை அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே எத்தனை பூச்சுப் பூசினாலும் அது நிற்காது.

மண்ணை அகற்றி, உள்தரைக்கு ஓரடி கீழே வரும்படி சுவரோரம் கான் வெட்டினோம். துளையிட்ட குழாயைச் சரிவாகப் படுக்கவைத்து, சல்லிக் கல் நிரப்பி, வீட்டின் பக்கவாட்டில் வெளியேறும்படி விட்டோம். முதல் மழையில் அந்தக் குழாய் வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டிய சத்தத்தை என் தங்கை தொலைபேசியைப் பிடித்து எனக்குக் கேட்க வைத்தாள்.

தரையிலிருந்து ஏறும் ஈரம் எல்லாச் சுவர்களிலும், உட்சுவர்களிலும்கூட, ஏறத்தாழ ஒரே உயரத்தில், மூன்றடிக்குள் நிற்கும். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை போடாத பழைய வீடுகளில் இது வரும். திருத்தலாம், ஆனால் மெதுவான, அழுக்கான வேலை. விலையில் அதைச் சொல்லிக் குறையுங்கள்.

புதுப் பெயின்ட் வாடை ஓர் அறையில் மட்டும் அடித்தால், அந்த அறையில் இன்னொரு தடவை நின்று சுவரின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள்.

பின்பக்கத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது

சுவரின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். நடுப்பகுதி வெளியே தள்ளியிருந்தால், பின்னாலுள்ள மண் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கும். தண்ணீரையும் சேர்த்துத் தாங்கும்படி பலர் கட்டுவதில்லை. அதற்காகத்தான் சுவரில் நீர் வடியும் துளைகள் விடுகிறார்கள். மழைக்குப் பிறகு அந்தத் துளைகளிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. மண் கலந்து வந்தால் பின்னாலிருக்கும் மண் கரைந்து போகிறது. சுவர் நனைந்திருந்தும் துளைகள் காய்ந்திருந்தால் அவை அடைபட்டுவிட்டன. துளையே இல்லாத சுவரை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அடைப்பை நீக்குவது ஒரு நாள் வேலை. வயிறு தள்ளிய சுவரைப் பிரித்துக் கட்டுவது பெரிய வேலை; அதன் மதிப்பீட்டைப் பொறியியலாளரிடம் எழுதி வாங்காமல் விலை பேசாதீர்கள். சுவர் யாருடைய எல்லைக்குள் நிற்கிறது என்பதையும் நில அளவைப் படத்தில் பாருங்கள். மேல் வீட்டுக்காரரின் சுவர் சரிந்து உங்கள் சமையலறையில் விழுந்தால் வழக்கு நீளும்.

கூரை ஒழுகுகிறது

சீலிங்கில் தெரியும் கறை ஓர் இடம், ஓட்டை வேறோர் இடம். தண்ணீர் தகரத்தின் அடிவயிற்றில் ஓடி, ஏதாவது ஒரு சட்டத்தில் தட்டி விழும். சீலிங்குக்கு மேல் ஏறி, கறையிலிருந்து மேட்டுப் பக்கமாக டோர்ச்சோடு தேடிப் போங்கள். ஆணித் துளை, முகட்டு மூடி, கூரை சுவரோடு சேரும் இடம் என்ற மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் போய் முடியும். கூரையோரத்து மழைநீர்ப் பீலியில் தேயிலை இலையும் பாசியும் அடைத்து, தண்ணீர் பின்னால் வழிந்து சுவருக்குள் இறங்குவதும் உண்டு. மரச்சட்டங்களின் சுவருக்குள் புதைந்த முனைகளைத் திருகாணிச் செலுத்தியால் குத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கினால் உளுத்திருக்கிறது.

அஸ்பெஸ்டஸ் சீட் கூரையென்றால், காய்ந்த நிலையில் அறுக்கவோ துளைக்கவோ பாசியைத் தூரிகையால் சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். நனைத்து, முழு சீட்டாக இறக்கும் ஆட்களையே பிடியுங்கள்.

மின்சாரம் அடிக்கடி விழுகிறது

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும். மழை பெய்தால் மட்டும் விழுகிறதென்றால் வெளிப்பக்க விளக்கிலோ பம்பிலோ ஈரம் இறங்குகிறது. மற்ற நேரங்களில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். மலைநாட்டில் சுடுதண்ணீர் ஷவர் பொருத்தாத வீடு அருகிவருகிறது. 5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 22 அம்பியர் இழுக்கும். சாதாரணப் பிளக் கம்பியிலிருந்து அதற்கு இணைப்பு எடுத்திருந்தால் கம்பி சூடேறி எரியும். மெயின் சுவிட்சிலிருந்து தனிக் கம்பி வருகிறதா என்று மின் வேலையாளரை வைத்துப் பாருங்கள்.

தண்ணீரும் மலக்குழியும்

காலையில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தோட்டத்து ஊற்றிலிருந்து வருகிறதென்றால், அந்தக் குழாய் யார் நிலத்தின் வழியாக வருகிறது, அதற்கு எழுத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் வந்த தண்ணீர் வாய்ச்சண்டையில் நின்றுபோகும். மலக்குழி எங்கே என்று விற்பவரை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் புல் அளவுக்கு மீறிப் பச்சையாக, கால் வைத்தால் நெகிழ்ந்தால் அது நிரம்பி வழிகிறது. மேட்டில் இருக்கும் அயலாரின் குழி உங்கள் ஊற்றுக்கு மேலே இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குறை தெரிந்துவிட்டது, இனி என்ன பேசுவது?

விற்பவர் "அதையெல்லாம் நான் செய்து தருகிறேன்" என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் போகிறவர் செய்யும் திருத்தம் கண்ணுக்குத் தெரிவதை மூடும் திருத்தமாகவே பெரும்பாலும் முடிகிறது. என் கருத்து, செலவை மதிப்பிட்டு விலையில் கழித்துக்கொண்டு வேலையை நீங்களே செய்வது. அவர்தான் செய்ய வேண்டுமென்றால், எந்தச் சுவர், என்ன வேலை, எந்தத் திகதிக்குள், முடியாவிட்டால் எவ்வளவு கழிப்பது என்று விற்பனை உடன்படிக்கையிலேயே ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தானால்தான் செல்லும். தேநீர் குடித்துக்கொண்டு கொடுத்த வாக்கு நீதிமன்றத்தில் நிற்காது.

காணி உறுதிப் பத்திரம், காணிப் பதிவகத் தேடல், பிரதேச சபை அங்கீகரித்த வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை நொத்தாரிசு பார்ப்பார். வரைபடத்தை மட்டும் நீங்களும் ஒரு பிரதி வாங்கி வீட்டோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத பின்னறை, பெரும்பாலும் அத்திவாரம் சரியாக இல்லாத பின்னறைதான்.

சாவி கையில் வந்த பிறகு

வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். முதலில் கூரையும் பீலியும், அடுத்து கான்கள், பிறகு தடுப்புச் சுவர், அதன் பிறகே வெடிப்பு, பூச்சு. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு போத்தலையோ டின்னையோ திறந்த இடத்தில் வைத்து மழையை அளக்கப் பழகுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் சரிவைக் கவனியுங்கள், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகுங்கள், 150ஐத் தாண்டினால் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

பெயின்ட் கடைசி. ஊறிய செங்கல் சுவர் காய, ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் உள்ள கணக்கு. தங்கை வீட்டின் பின்சுவர் ஒன்பது அங்குலம். பூச்சைப் பெயர்த்துவிட்டு, செங்கல் தெரிய, ஒன்பது மாதமும் அப்படியே விட்டோம். வருகிறவர்கள் எல்லோரும் ஏன் இன்னும் பூசவில்லை என்று கேட்டார்கள். பத்தாவது மாதம் பிளாஸ்டிக் தாளை ஒட்டினோம், இரண்டு நாள் கழித்துப் பிரித்தோம், இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் பாஸ் சாந்து குழைத்தார்.